சுருதி சேராத மின்சாரம்

சங்கீதம் கேட்பதற்கென்றே வீட்டில் ஸ்டீரியோ வைத்திருப்பவர்கள்கூட, ஸ்பீக்கரின் அடியில் ஓயாமல் ஒலிக்கும் அந்த 'ம்ம்ம்' இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள். பாட்டு தொடங்கியதும் அமுங்கிவிடுமே என்பது அவர்கள் வாதம். அமுங்குவதில்லை என்பது எங்கள் கட்சி.

நம் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது. ஆம்ப்ளிஃபயரின் பவர் சப்ளையில் அதுவே இரட்டித்து 100 ஹெர்ட்ஸ் இரைச்சலாகக் கசியக்கூடும். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகரின் தம்புராவில் மந்தர ஸ்தாயிப் பஞ்சமம் சுமார் 98 ஹெர்ட்ஸ். இவ்விரண்டும் சேர்ந்து ஒலித்தால் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு துடிப்புகள் எழும். பாடகர் மூச்செடுக்கும் இடைவெளியில் கேட்டுப் பாருங்கள். அத்தனை சிரத்தையாகச் சேர்த்த தம்புரா சேராததுபோல் ஒலிக்கும். இரைச்சலை வடிகட்டி வைத்து வெட்டிவிடலாமே என்றால், பஞ்சமத்துக்கும் சேதம் வரும். எனவே இதைத் தோன்றும் இடத்திலேயே தீர்ப்பதுதான் முறை.

இசைத்தட்டுப் பிரியர்களின் பாடு இன்னும் மோசம். ஊசியிலிருந்து வருவது ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே. தட்டில் குறைத்துப் பதிந்த கீழ்ஸ்வரங்களை மீட்க, ஃபோனோ பகுதி 50 ஹெர்ட்ஸை 1000 ஹெர்ட்ஸைவிட ஏறத்தாழ 7 மடங்கு கூடுதலாகப் பெருக்குகிறது. இரைச்சலுக்கும் அதே உபசாரம்தான். டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் கம்பியை ஆம்ப்ளிஃபயரின் திருகில் இறுக்குவதும், டர்ன்டேபிளை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி வைப்பதும் செலவில்லாத வைத்தியம்.

மற்றபடி, உள்ளீட்டுக் கேபிள்கள் அனைத்தையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிக் கேட்டால் குற்றவாளி அகப்பட்டுவிடும். பெரும்பாலும் அது எர்த் வளையமாக இருக்கும். இரு கருவிகள் இரு மூலைகளில் உள்ள பிளக்குகளிலிருந்து மின்சாரம் பெறும். அல்லது கேபிள் டி.வி. வயர் தெருவிலிருந்து தன் சொந்த எர்த்தைக் கொண்டுவரும். அவற்றுக்கிடையே உள்ள சிறு மின்னழுத்த வேறுபாடு, பாட்டு வரும் கேபிளின் உறை வழியே ஓடும். எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டில் மாட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். பல ஆயிரம் ரூபாய் பவர் கேபிள் இங்கே எதையும் தீர்க்காது. மின்கம்பத்திலிருந்து சுவருக்குள் ஓடிவரும் அத்தனை கம்பியும் சாதாரணமாக இருக்க, கடைசி ஒரு மீட்டரை மட்டும் வெள்ளியால் செய்து என்ன பயன்?

எங்களுக்கு உண்மையிலேயே கோபம் வருவது இன்னொரு யோசனையின் மீது: "எர்த் பின்னைக் கழற்றிவிடுங்கள்." வளையம் அறுபடுவதால் இரைச்சல் நிற்கும்தான். ஆனால் உள்ளே மின்காப்பு என்றாவது பழுதானால், உலோகப் பெட்டியில் ஏறும் மின்சாரம் அதைத் தொடுபவர் உடல் வழியாகத்தான் இறங்கும். வால்வு ஆம்ப்ளிஃபயர்களுக்குள் பல நூறு வோல்ட் இருக்கிறது. சங்கீதத்துக்காக உயிரையே கொடுப்பேன் என்பது பேச்சுக்குச் சரி.

'ம்ம்ம்' என்றில்லாமல் 'ஸ்ர்ர்' என்று கரகரத்தால் விசாரணையை வேறு திசையில் தொடங்கவேண்டும். படிகள் இல்லாமல் திருகும் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், மலிவான எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர் ஆகியவை வழக்கமான சந்தேக நபர்கள். அந்த ரெகுலேட்டர் மின்னலையை விநாடிக்கு 100 முறை நறுக்குகிறது. அந்த வெட்டுகளின் சிதறல் ரேடியோ அலைவரிசைவரை பரவும். படிப்படியாகத் திருகும் கெபாசிட்டர் ரெகுலேட்டரில் இத்தொல்லை இல்லை. கேபிளில் மாட்டும் ஃபெரைட் வளையம் இவ்வகை இரைச்சலைக் குறைக்கும். 50 ஹெர்ட்ஸ் இரைச்சலிடம் அதன் ஜம்பம் சாயாது.

துப்பறிய ஒரு பழைய பேட்டரி ரேடியோ போதும். மீடியம் வேவில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து வீட்டைச் சுற்றி வந்தால், குற்றவாளியின் அருகே கரகரப்பு கூடும். சில வேளைகளில் அது பக்கத்து வீட்டுச் சுவரைக் காட்டும். ஃபேன் ரெகுலேட்டரை மாற்றும்படி அவர்களைச் சம்மதிக்க வைப்பது மின்னியலில் சேர்ந்ததல்ல. அதற்கு ஒரு டம்ளர் காப்பியோடு போவது உசிதம்.