ஸ்டாலின் அடித்த கார்னர்

எங்கள் செம்பூர் காலனிக்குக் காலை ஆறரை மணிக்கு ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் இட்லிக்காரர் தாராவிக்காரர். ஊர் திருநெல்வேலிப் பக்கம். சைக்கிள் கேரியரில் அலுமினியப் பாத்திரம், ஹேண்டில்பாரில் சட்னி வாளி, சாம்பார் தூக்கு. 2017இல் அவரோடு மகனும் வருவான். அப்போது அவனுக்குப் பத்தாம் வகுப்பு. சட்னி ஊற்றுவது அவன் பொறுப்பு. இடது கையால் ஊற்றுவான். அப்பா ஒவ்வொரு முறையும் "எலே, சோத்துக் கை எங்கல?" என்பார், அவன் ஒவ்வொரு முறையும் கேட்காத மாதிரி இருப்பான்.

காலும் இடதுதான் என்பது பிறகு தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகன் கார் நிறுத்துமிடத்தில் உதைத்த பந்து சைக்கிள் பக்கம் உருண்டு போனது. வாளியைக் கீழே வைக்காமலே இவன் அதைத் திருப்பி உதைத்தான். பந்து இரண்டு கார்களுக்கு நடுவே புகுந்து, வளைந்து, அக்கா மகன் காலடியில் போய் நின்றது. ஒரு சொட்டுச் சட்னி சிந்தவில்லை. அதற்குமேல் ஒருவனைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

அக்டோபர் 10ஆம் தேதி காலை, இட்லி வாங்கப் போன என்னிடம் அவன் கேட்டான்: "அண்ணாச்சி, நேத்து கார்னர் அடிச்ச ஸ்டாலின் நம்ம ஆளா?"

முந்தைய நாள் இரவு டெல்லி நேரு மைதானத்தில் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்தியாவும் கொலம்பியாவும் ஆடியிருந்தன. ஆடவரோ மகளிரோ, எந்த வயதுப் பிரிவிலும் இந்தியா ஆடிய முதல் ஃபிஃபா உலகக் கோப்பை அது. போட்டியை நடத்தும் நாடு என்பதால் கிடைத்த இடம்தான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. அமெரிக்காவிடம் 3-0 என்று தோற்றபின் வந்த இரண்டாவது ஆட்டம். 82ஆவது நிமிடம், கொலம்பியா ஒரு கோல் முன்னால். சஞ்சீவ் ஸ்டாலின் கார்னர் அடிக்க, மணிப்பூரின் ஜீக்சன் சிங் எழும்பித் தலையால் உள்ளே தள்ளினார். உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கோல். எங்கள் கட்டடத்தில் மூன்று மாடிகளில் இருந்து ஒரே நேரத்தில் கூச்சல் கேட்டது. கிரிக்கெட் இல்லாத ஓர் இரவில் அப்படிக் கேட்டதில்லை. கூச்சல் அடங்குமுன் அடுத்த நிமிடமே கொலம்பியா இரண்டாவது கோலைப் போட்டுவிட்டது. 2-1.

ஸ்டாலின் பெங்களூருப் பையன், அணியின் இடதுபக்கத் தற்காப்பு வீரர் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இவனுக்கு அது போதும். 'இடது' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு போனான். பெயர்களை வைத்துக் குழம்புவது நம் வழக்கம். தமிழ் வீடுகளில் ஸ்டாலின், லெனின், காந்தி எல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள்தானே.

அந்த அணியின் 21 பேரில் எட்டுப் பேர் மணிப்பூர். தமிழ்நாட்டில் இருந்து ஒருவர்கூட இல்லை. மகாராஷ்டிரக் கணக்கில் கோலாப்பூரின் அனிகேத் ஜாதவ். மும்பையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த நமித் தேஷ்பாண்டே. இத்தனைக்கும் செப்டம்பர் 15ஆம் தேதி மாநிலம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பந்தைக் கொடுத்து ஆட வைத்தார்கள். பத்து லட்சம் பேர் ஆடவேண்டும் என்பது இலக்கு. அன்று மும்பையில் பந்து இல்லாத பள்ளி மைதானம் கிடையாது. மைதானம் இல்லாத பள்ளிகள் என்ன செய்தன என்பது வேறு விஷயம்.

அந்த வருடம் நமக்குத் தீபாவளி அக்டோபர் 18. அன்று சாயங்காலம் நெருள் டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் கானாவும் நைஜரும் மோதின. கடைசிக் குழு ஆட்டத்தில் நம்மை 4-0 என்று துவைத்துப் போட்ட அதே கானா. காலையில் எண்ணெய்க் குளியல், லேகியம், இட்லிக்காரர் வீட்டு முறுக்கு. மத்தியானம் அக்கா மகனையும் இட்லிக்காரர் மகனையும் கூட்டிக்கொண்டு செம்பூரில் ஹார்பர் லைன் வண்டி ஏறினேன். கோவண்டி, மான்கூர்ட் தாண்டி வண்டி கழிமுகப் பாலத்தில் ஏறியதும் தாராவிப் பையன் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். புதுச் சட்டையின் காலர் ஸ்டிக்கரைக்கூடப் பிய்க்கவில்லை.

கானா 2-0 என்று ஜெயித்தது. முதல் பாதி முடியும் தறுவாயில் எரிக் அயா போட்ட பெனால்டி, கடைசியில் டான்சோவின் ஒரு கோல். தாராவிப் பையன் பந்தைப் பார்க்கவே இல்லை என்பதை நடுவில்தான் கவனித்தேன். கானாவின் இடதுபக்கத் தற்காப்பு ஆட்டக்காரனையே தொண்ணூறு நிமிடமும் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வரும்போது வாஷியில்தான் வாயைத் திறந்தான்: "பந்து அந்தப் பக்கம் கிடக்கும்போதும் அவன் நடக்கவே இல்ல அண்ணாச்சி. எடத்த மாத்திக்கிட்டே இருக்கான்."

பிறகு அதே மைதானத்தில் அரையிறுதியில் ஸ்பெயின் மாலியை வென்றதையும், கொல்கத்தா இறுதியில் இங்கிலாந்து ஸ்பெயினை 5-2 என்று சாய்த்ததையும் தொலைக்காட்சியில் பார்த்தோம். நெருளில் அன்று ஒரு கோல் போட்ட ஸ்பெயின் பையன் ஃபெரான் டோரஸ். இங்கிலாந்தின் ஃபில் ஃபோடன் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர். அவர்கள் எங்கே போனார்கள் என்பது உலகத்துக்கே தெரியும். நம்முடையவர்கள் எங்கே போனார்கள்?

நம் இளையோர் அணிகளின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் ஒரு விசித்திரம் தெரியும். 1974 ஏப்ரலில் பாங்காக்கில் நடந்த ஆசிய இளையோர் இறுதியில் இந்தியா ஈரானுடன் 2-2 என்று சமன் செய்து கோப்பையைப் பங்குபோட்டது. கேப்டன் ஹைதராபாத்தின் ஷபீர் அலி. நம் மும்பையின் டாடா அணிக்கும் ஆடியவர். ஆசிய இளையோர் பட்டம் அதற்குப்பின் இன்றுவரை இல்லை. அதைக்கூட விடுங்கள். 2006இல் நாமே நடத்தியபோது ஆடியதுதான், அதற்குப்பின் 20 வயதுக்கு உட்பட்ட நம் பையன்கள் ஆசியப் போட்டியின் பிரதான சுற்றுக்கே தகுதி பெறவில்லை.

ஆனால் அதே நாட்டின் 16, 17 வயதுப் பையன்கள்? 2018இல் மலேசியாவில் வியட்நாமை வென்று, ஈரானையும் இந்தோனேசியாவையும் கோல் போடவிடாமல் தடுத்துக் காலிறுதிக்குப் போனார்கள். அங்கே தென்கொரியாவிடம் ஒரே கோலில் தோல்வி. போட்டி முழுவதும் அவர்கள் வாங்கிய ஒரே கோல் அது. அந்த ஆட்டத்தை ஜெயித்திருந்தால் யார் தயவும் இல்லாமல் உலகக் கோப்பைக்குப் போயிருப்பார்கள். 2020க்கும் தகுதி பெற்றார்கள். கொரோனாவில் போட்டியே ரத்து. 2023இல் தாய்லாந்துக்குப் போய், ஜப்பானிடம் எட்டு வாங்கினாலும் நாலு திருப்பிக் கொடுத்தார்கள். 2025 நவம்பர் 30 அன்று அகமதாபாத்தில், லெபனானிடம் தோற்று இரண்டே நாள் கழித்து, ஈரானுக்கு எதிராக முதலில் ஒரு கோல் வாங்கிப் பின்தங்கி, அப்புறம் 2-1 என்று ஜெயித்து 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். 2018லும் சரி, 2025லும் சரி, பயிற்சியாளர் பிபியானோ ஃபெர்னாண்டஸ்தான்.

ஆக, பதினேழில் ஈரானைச் சாய்க்கிறோம். இருபதில் ஆளே இல்லை. நடுவில் உள்ள மூன்று வருடத்தில் இந்தப் பையன்களை என்ன செய்கிறோம்?

வயதை ஏமாற்றுகிறோம், அதனால்தான் சின்ன வயதில் ஜெயிக்கிறோம் என்பார்கள். உள்ளூர்ப் பள்ளிப் போட்டிகளில் மீசையை மழித்துக்கொண்டு வரும் '14 வயது' அண்ணன்களை நானும் பார்த்திருக்கிறேன். இட்லிக்காரருக்கே மகன் பிறந்த தேதி பள்ளிக்கூடத்தில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று. ஆனால் ஃபிஃபா 2009 முதல் இந்த வயது உலகக் கோப்பைகளில் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறது. எலும்பின் வளர்ச்சித் தட்டு மூடிவிட்டதா இல்லையா என்பதுதான் கேள்வி. எந்தச் சான்றிதழைக் காட்டினாலும் மணிக்கட்டு அவ்வளவு லேசில் பொய் சொல்லாது. எனவே அந்தச் சாக்கு சர்வதேச ஆட்டத்தில் எளிதில் செல்லாது.

அந்த மூன்று வருடத்தைச் சரியாகப் பயன்படுத்திய ஒரு தடவை என்ன ஆனது என்று பாருங்கள். 2018 ஆகஸ்ட் 5. ஸ்பெயினின் வலென்சியா பக்கம் காட்டிஃப் என்ற போட்டி. மும்பைக்காரர் ஃப்ளாய்ட் பின்டோ பயிற்றுவித்த இந்திய 20 வயது அணி அர்ஜென்டினாவை 2-1 என்று தோற்கடித்தது. அனிகேத் ஜாதவ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, பத்துப் பேர் ஆடிய நேரத்தில் அன்வர் அலி அடித்த ஃப்ரீகிக் இரண்டாவது கோல். எதிரணிப் பயிற்சியாளர் யார் தெரியுமா? லியோனல் ஸ்கலோனி. நாலு வருடம் கழித்து மெஸ்ஸி கையில் உலகக் கோப்பையைக் கொடுத்த அதே ஸ்கலோனி. நாம் மற்ற ஆட்டங்களில் சொதப்பினோம், மொரித்தானியாவிடம் மூன்று கோல் வாங்கினோம். அர்ஜென்டினா அந்தப் போட்டியின் கோப்பையோடு வீடு திரும்பியது. இருந்தாலும் அன்று ஜெயித்தது நிஜம்.

அது எப்படி நடந்தது என்பதில் ரகசியம் இல்லை. 2017 அணியைக் கலைக்காமல் 'இந்தியன் ஆரோஸ்' என்று ஒரு கிளப்பாக்கி ஐ-லீக்கில் இறக்கிவிட்டார்கள். பெரியவர்களிடம் வாராவாரம் அடிவாங்கினார்கள், அட்டவணையில் கீழே கிடந்தார்கள், ஆனால் ஆடினார்கள். ஜீக்சன், சுரேஷ் சிங், அபுயா, அன்வர் என்று அங்கிருந்து தேசிய சீனியர் அணிக்குப் போனவர்கள் பலர். அன்வருக்கு 2019இல் இதயக் கோளாறு என்று கண்டுபிடித்து ஆட்டத்தையே நிறுத்தச் சொன்னார்கள். போராடித் திரும்பி வந்தார். கார்னர் அடித்த ஸ்டாலின் போர்ச்சுகல் போய்வந்து, பிறகு நம் மும்பை சிட்டி சட்டையையும் போட்டார். 2022இல் ஆரோஸை மூடிவிட்டார்கள். இளையோர் லீக் அந்த வேலையைச் செய்யும் என்றார்கள். சம வயதுக்காரனோடு வருடத்தில் சில மாதம் ஆடுவதும், முப்பது வயது முழங்கையை வாராவாரம் விலாவில் வாங்குவதும் ஒன்றா? அதை மூடியது தப்பு என்றே நினைக்கிறேன்.

பெண்கள் நிலை கொஞ்சம் தேவலை. 2022இல் சொந்த மண்ணில் நடந்த 17 வயது மகளிர் உலகக் கோப்பையில் அமெரிக்காவிடம் 8-0 என்று தோற்ற சிறுமிகளைக் கேலி செய்தோம். 2025 ஆகஸ்டில் 20 வயது மகளிர் அணி மியான்மரை அதன் மண்ணிலேயே வென்று இருபது வருடம் கழித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. ஆண்கள் இன்னும் வாசலில் நிற்கிறார்கள்.

டெல்லியில் உட்கார்ந்து கால்பந்தை நடத்துபவர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் செம்பூரில் நாங்கள் என்ன செய்தோம்? என் அக்கா மகன் மாட்டுங்கா டான் பாஸ்கோ மைதானத்தில் மழைச் சேற்றில் ஆடியவன். மும்பையில் மழை வந்தால் கிரிக்கெட் படுத்துக்கொள்ளும், கால்பந்து எழுந்துகொள்ளும். அவனும் ஜூன் மாதத்தை எண்ணிக்கொண்டிருப்பான். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்று ஜே.இ.இ. கிளாஸில் பணம் கட்டினோம். சாயங்காலம் நாலில் இருந்து எட்டுவரை வகுப்பு. "ரெண்டு வருஷம் பந்தை மூட்டை கட்டி வைடா, அப்புறம் ஆயுசு முழுக்க ஆடலாம்" என்று சொன்னது அக்கா இல்லை, நான். வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரி வாசலைக் காட்டி வளர்த்த பையன், எங்கோ ஓரிடத்தில் இஞ்சினியர் ஆனான். அவனுடைய ஸ்டட்ஸ் ஷூ இன்னும் பரணில் இருக்கிறது. இப்போது அவனுக்கு நாலு சைஸ் சின்னது.

இட்லிக்காரர் மகன் கதை இதைவிடச் சுருக்கம். பத்தாவது முடித்ததும் அப்பாவுக்கு முழங்கால் வலி. விடிகாலை மூன்று மணிக்கு மாவு, ஆறரைக்குச் செம்பூர். பள்ளியில் இருந்தவரை பள்ளி மைதானம் இருந்தது. வெளியே வந்தபின் டர்ஃப் மைதானத்துக்கு மணிக்கு ஆயிரத்துக்கு மேல் கேட்கிறார்கள். பதினாலு பேர் சேர்ந்தால் தலைக்கு நூறு ரூபாய்கூட வராது. ஆனால் பதினாலு பேரில் எட்டுப் பேர் வேலைக்குப் போய்விட்டால் யாரோடு சேர்வது? 16 வயதுவரை தாராவியில் அவனைக் கூப்பிடாத போட்டி இல்லை. 17இல் இருந்து கூப்பிட ஒரு போட்டியே இல்லை. இப்போது சைக்கிளுக்குப் பதில் ஸ்கூட்டரில் வருகிறார். 'வருகிறான்' என்று எழுத இப்போது கை வரவில்லை. சட்னி அதே இடது கையால்தான்.

பொங்கல் வருகிறது. நம் தமிழ்ச் சங்கங்கள் எல்லாம் விளையாட்டு விழா நோட்டீஸ் அடித்துக்கொண்டிருப்பீர்கள். கோலப்போட்டி இருக்கட்டும், மியூசிக்கல் சேர் இருக்கட்டும், பத்து வயதுக்குட்பட்டோர் ஓட்டமும் இருக்கட்டும். 17 முதல் 20 வயதுவரை உள்ளவர்களுக்கு என்று ஏழு பேர் ஆடும் பந்தாட்டம் ஒன்றையும் இந்த வருடம் அந்த நோட்டீஸில் சேருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதுக்குமேல் வையுங்கள், அதற்குமுன் பாதிப் பேருக்கு வேலை இருக்கும். டர்ஃப் வாடகையில் முதல் மூன்று மணி நேரம் என் கணக்கு. விசில் ஊத ஆள் தேடவேண்டாம். இட்லி விற்று முடித்துவிட்டு நேராக வந்துவிடுவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார்.