கடித்த நாய் யாருடைய நாய்?

காட்டுக் காவலுக்கென்று ஒரு குட்டியைக் கொண்டு வந்து வளர்ப்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். கடலைக் காட்டில் பன்றி, களத்தில் திருட்டு, பட்டியில் ஆடு என்று பார்த்தால் நாய் இல்லாமல் முடியாதுதான். ஆனால் பகலில் அதை யாரும் கட்டிப் போடுவதில்லை. கஞ்சி ஊற்றுகிற வீடு ஒன்று, படுக்கிற இடம் களத்துமேடு, ஓடித் திரிகிற இடம் வண்டிப் பாதை. மூன்று வருடமாக "எங்கள் நாய்" என்று சொல்லி வந்தவர், பால் கேனோடு சைக்கிளில் போனவரை அது கடித்துவிட்டால் மறுநாளே, "அது ஊர் நாய், மிச்சம் மீதி இருந்தால் போடுவோம், அவ்வளவுதான்" என்று கையை விரித்துவிடுகிறார்.

இந்தப் பேச்சு ஊர்ப் பஞ்சாயத்தில் எடுபடலாம். கோர்ட்டில் எடுபடுவது கடினம். எடுபடவும் கூடாது. தினமும் சோறு போட்டு, தன் நிலத்தைக் காக்க விட்டிருப்பவர்தான் அந்த நாய்க்குப் பொறுப்பாளி. லைசென்ஸ் இல்லை, கழுத்தில் பட்டை இல்லை என்பதால் பொறுப்பு போய்விடாது. அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் சாட்சி சொன்னால் போதும்.

கடிபடுகிறவர் பெரும்பாலும் இன்னொரு சிறு விவசாயி. அல்லது களை எடுக்க வந்த கூலிப் பெண். "அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம்தானே, என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஊசி இலவசம்தான். ஆனால் முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று அதற்காகப் போய் வர வேண்டும். நான்கு நாள் கூலி போகிறது. பஸ் செலவு இருக்கிறது. குழந்தையானால் கூடப் போகிறவரின் கூலியும் போகிறது. காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் தனி மருந்துக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். நடவு நேரத்தில் கெண்டைக்கால் சதை கிழிந்தவர் எத்தனை நாள் சேற்றில் இறங்க முடியாமல் இருப்பார் என்பது விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? தன் வசம் உள்ள பிராணியால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி காக்கத் தவறுவது குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 291ஆம் பிரிவாக உள்ளது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். முன்பு அபராதம் ரூ.1,000தான். ஆனால் அபராதம் என்பது நஷ்டஈடு அல்ல. கோர்ட் தனியாக உத்தரவிட்டாலொழிய அதில் ஒரு காசுகூட கடிபட்டவர் கைக்கு வராது. நஷ்டஈட்டுக்கு சிவில் வழக்கோ சமரசமோதான் வழி.

அந்த வழக்கில் முக்கியமான கேள்வி, நாய் கடிக்கும் என்று வளர்த்தவருக்குத் தெரியுமா, தெரிந்தும் அசட்டையாக விட்டாரா என்பது. வாசலில் "நாய்கள் ஜாக்கிரதை" என்று பலகை மாட்டிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வேலிக்குள் அத்துமீறி நுழைந்தவனிடம் அந்தப் பலகையைக் காட்டலாம். பொதுப்பாதையில் போனவரை நாய் கடித்திருந்தால் அதே பலகை, நாயின் குணம் தெரிந்தே அவிழ்த்துவிட்டார் என்பதற்குச் சாட்சியாகவும் திரும்பக்கூடும்! நாயைக் கல்லால் அடித்துச் சீண்டியவர் கடிபட்டால் அது வேறு கதை.

கோர்ட்டுக்குப் போவதைவிட ஊரில் பேசி முடிப்பது நல்லதே. ஆனால் ஐந்நூறு ரூபாயைக் கையில் திணித்து "ஊசிச் செலவு" என்று முடிப்பது சமரசம் ஆகாது. போன கூலி, போக்குவரத்து, கொட்டிய பால், உடைந்த சைக்கிள் எல்லாம் கணக்கில் வர வேண்டும். எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். காயம் ஆறுமுன் "இனி பாக்கி இல்லை" என்று கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. பேச்சு முறிந்தால் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் அங்கே வக்கீல் உதவி இலவசம். மக்கள் நீதிமன்றத்தில் இருதரப்பும் ஒப்புக்கொண்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம்.

எதற்கும் சான்று வேண்டும். கடித்தவுடன் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக் கொண்டு உட்காரக் கூடாது. தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் போய்விட்டது, இப்போது கையில்தான். ஆஸ்பத்திரிச் சீட்டு, காயத்தின் போட்டோ, போலீஸில் கொடுத்த மனுவின் ரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். ஆத்திரத்தில் நாயை அடித்துக் கொல்வது சட்டப்படியும் தவறு, புத்திசாலித்தனமும் இல்லை. கட்டிப் போட்டுப் பத்து நாள் பார்த்தால்தான் அதற்கு வெறி உண்டா இல்லையா என்று தெரியும். அதற்காக ஊசி போடுவதைத் தள்ளிப் போடக் கூடாது.

உண்மையிலேயே நாதியற்ற நாய் என்றால் யாரைக் கேட்பது? தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்யும் பொறுப்பை 2023ஆம் ஆண்டு விதிகள் உள்ளாட்சி அமைப்புகளிடம் விட்டிருக்கின்றன. அதே 2023இல் பஞ்சாப்–அரியானா ஐகோர்ட், ஒரு பல் பதிந்த தடத்துக்குக் குறைந்தது ரூ.10,000 என்றும், சதை பிய்ந்திருந்தால் 0.2 சென்டிமீட்டர் காயத்துக்குக் குறைந்தது ரூ.20,000 என்றும் கணக்குப் போட்டு, அரசே முதல் பொறுப்பு என்றது. அந்த உத்தரவு அந்த வட்டாரத்துக்கு மட்டுமே. காங்கேயம் பக்கம் ஆடுகளைத் தெருநாய்களுக்குப் பறிகொடுத்த விவசாயிகள் போராடிய பிறகு, 2025இல் தமிழக அரசு ஆட்டுக்கு நிவாரணம் அறிவித்தது. ஆடு மேய்க்கிறவரின் காலுக்கும் அப்படி ஒரு அளவு வேண்டும் என்று கேட்பதில் தவறென்ன?

ஆனால் அரசைக் கேட்கும் விவசாயி, தன் களத்துமேட்டு நாயைப் பகலில் சங்கிலியில் கட்டியிருக்க வேண்டும். வருடம் ஒரு முறை கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அந்தச் சீட்டை நிலவரி ரசீதோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும். ராத்திரி படலைச் சாத்திய பிறகு அவிழ்த்து விட்டால் போதும். பன்றி பகலில் வருவதில்லை.