சூடானின் சமையற்கூடங்களுக்கு நேரடியாகப் பணம் அனுப்புங்கள்

ஐ.நா. மனிதாபிமானப் பணிகளுக்குத் தலைமை வகிக்கும் திரு. டாம் பிளெட்சர் அவர்களுக்கு,



2023 ஏப்ரல் 15 அன்று சூடான் தலைநகர் கார்ட்டூமில் போர் மூண்டதும் வெளிநாட்டவர்கள் விமானத்திலும் கப்பலிலும் வெளியேறினார்கள். உள்ளூர்வாசிகள் எங்கே போவார்கள்? முன்னாள் அதிபர் பஷீரின் ஆட்சிக்கு எதிராகத் தெருக்குழு அமைத்துப் போராடிய இளைஞர்களே வீடு வீடாகப் பருப்பு திரட்டிப் பொது அடுப்பு மூட்டினார்கள். காயம்பட்டவர்களுக்கு மருந்து தேடினார்கள், சிக்கிக்கொண்ட குடும்பங்களை வெளியே கொண்டுவந்தார்கள். அறுவடைக்கு ஊரே கைகோக்கும் 'நஃபீர்' வழக்கம் அங்கே பழையது. இந்த இளைஞர்கள் நடத்தும் 'அவசரகால உதவி அறைகள்' அதிலிருந்து முளைத்தவை. 2025இல் ரைட் லைவ்லிஹுட் விருது அவற்றைத் தேடி வந்தது.

விருது வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. 2016இல் இஸ்தான்புல்லில் நன்கொடை நாடுகளும் ஐ.நா. அமைப்புகளும் ஓர் உடன்பாடு செய்தன: 2020க்குள் உதவி நிதியில் 25 விழுக்காடு, முடிந்தவரை நேரடியாக, உள்ளூர் அமைப்புகளுக்குப் போகும் என்று. கெடு முடிந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. நேரடியாகப் போகும் தொகை அந்த இலக்கின் பக்கத்தில்கூட இல்லை. இடையிலுள்ள ஒவ்வொரு அமைப்பும் தன் நிர்வாகச் செலவைக் கழித்துக்கொண்டே மிச்சத்தைக் கீழே அனுப்புகிறது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா நிதியை நிறுத்தியபோது இந்த அறைகள் நடத்திய நூற்றுக்கணக்கான சமையற்கூடங்கள் மூடப்பட்டன. கையிருப்பு என்று ஒன்றை வைத்துக்கொள்ள அவற்றை நடத்துபவர்களை யாரும் விட்டதில்லை.

ஏன் நேரடியாகத் தருவதில்லை என்று கேட்டால், பதிவுச் சான்றிதழ் எங்கே, பொறுப்பாளர் பட்டியல் எங்கே என்கிறார்கள் நிதி தருபவர்கள். இந்தத் தொண்டர்களைப் போரிடும் இரு தரப்புப் படைகளும் கைது செய்திருக்கின்றன; கொல்லப்பட்டவர்களும் உண்டு. அங்கே பெயர்ப் பட்டியல் தவறான கைக்குப் போனால் உயிர் போகும். கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எத்தனை கிலோ பருப்பு வந்தது, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதை வரிசையில் நிற்கும் அண்டை வீட்டாரைவிடக் கறாராக எந்தத் தணிக்கையாளர் பார்த்துவிட முடியும்?

உள்ளூர்க்காரர்களிடம் அதிகாரம் போகவேண்டும் என்று நீங்களே சொல்லிவருகிறீர்கள். சூடான் மனிதாபிமான நிதி உங்கள் அலுவலகத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது. அதில் ஒரு நிலையான பங்கை இந்த அறைகளுக்கென ஒதுக்குங்கள். மூன்று மாதச் செலவை முன்பணமாகக் கொடுங்கள். பெயர்ப் பட்டியலுக்குப் பதிலாக, செலவுச் சீட்டையும் உள்ளூர்வாசிகளின் சாட்சியத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்த ஒதுக்கீட்டிலேயே இதைத் தொடங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகர்