ரெக்கார்டு வேற... அப்சர்வேஷன் வேற!

லேப்ல நமக்கு ரெண்டு நோட்டு. கண்ணால பார்த்த ரீடிங்கை அப்சர்வேஷன் நோட்டுல எழுதணும். கணக்கு போட்டு, ரிசல்ட்டோட ரெக்கார்டுல ஏத்தணும். ஆனா நம்மாளுங்க என்ன பண்றாங்க? சீனியர் நோட்டுல இருந்து ரிசல்ட்டை எடுத்துட்டு, அதுக்கேத்த மாதிரி ரீடிங்கைத் 'தயாரிக்கிறாங்க'!

பார்த்ததைக் கட்டுரையா எழுதச் சொன்னாலும் இதே கதைதான் பாஸ். 'பேருந்து நிலையம் பரபரப்பாக இருந்தது', 'பூக்காரம்மாவின் முகத்தில் சோகம்'... இதெல்லாம் ரிசல்ட். ரீடிங் எங்கே?

ரீடிங்னா என்னன்னு தெரியணுமா? ஜார்ஜ் ஆர்வெல் 1931-ல் வெளியிட்ட 'எ ஹேங்கிங்' கட்டுரையைப் படிங்க. பர்மாவில் போலீஸ் அதிகாரியா இருந்தவர் அவர். கட்டுரையில ஒரு கைதியைத் தூக்கு மேடைக்குக் கூட்டிட்டுப் போறாங்க. ரெண்டு பக்கமும் வார்டர்கள் பிடிச்சிருக்காங்க. வழியில கொஞ்சம் தண்ணி தேங்கிக் கிடக்கு. கால்ல படாம லேசா ஒதுங்கி நடக்கிறார் கைதி. சில நிமிஷத்துல சாகப்போற மனுஷன்! அதைப் பார்த்த பிறகுதான், நல்லா இருக்கிற ஒரு உயிரைப் பறிக்கிறதோட கொடுமை தனக்கு உறைச்சதுன்னு எழுதறார். அவர் செஞ்ச குற்றம் என்னன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை. 'மரண தண்டனை கொடுமையானது'ன்னு முதல் வரியிலேயே ஆரம்பிச்சிருந்தா, நாம பக்கத்தைத் திருப்பியிருப்போம்.

நம்ம ஊர்க்காரர் மா.கிருஷ்ணனும் அப்படித்தான். 1950-ல இருந்து 1996 வரைக்கும் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில இயற்கையைப் பத்தித் தொடர்ந்து எழுதினார். யானை மட்டுமில்ல, வாசல்ல திரியற காக்காவும் அணிலும்கூட அவருக்கு சப்ஜெக்ட்தான்.

இந்த மாதிரி கட்டுரைகளை ரெண்டு தடவை படிங்க. முதல் தடவை சும்மா. ரெண்டாவது தடவை பென்சிலோட. எழுதினவர் பார்த்தது, கேட்டதுக்கெல்லாம் அடிக்கோடு, நினைச்சதுக்கு வட்டம். கோடு எத்தனை, வட்டம் எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. அடுத்து, உங்க கட்டுரையிலும் அதே மாதிரி எண்ணுங்க. வித்தியாசம் புரியும்!

இந்த வாரம் ஒரு வேலை. ஹாஸ்டல் மெஸ்ல தட்டு கழுவற அண்ணனை 20 நிமிஷம் கவனிங்க. செல்போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். 'பாவம்'ங்கிற வார்த்தைக்குத் தடை! அதை எழுதிட்டா நம்ம வேலை சுலபமா முடிஞ்சுடும். அவர் யாருன்னு மட்டும் தெரியாமலே போயிடும். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தட்டு, தண்ணி நின்னா என்ன பண்றார், யார்கிட்ட சிரிக்கிறார், எப்போ சாப்பிடுறார்... இதை எழுதுங்க. முடிஞ்சா அவர் பேரையும் கேட்டுட்டு வாங்க. மூணு வருஷமா அவர் கழுவின தட்டுலதானே சாப்பிடுறோம்!