ஊர்க்காரர் நின்றால் போதுமா?

சென்னை மாநகராட்சித் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் தென்கடற்கரைப் பகுதிகளில் ஒரு பேச்சு எழுவதுண்டு. கட்சிக்காரர்களைப் பார்த்துவிட்டோம், இந்த முறை நம் தெருவில் குடியிருக்கிற ஒருவரையே நிறுத்தினால் என்ன? கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை போன்ற இடங்களில் குடியிருப்போர் நலச்சங்கங்கள் வலுவாக இருப்பதால் அங்கே இந்தப் பேச்சுக்குச் சற்றுக் கூடுதல் தெம்பும் உண்டு. 2022 மார்ச்சில் பதவியேற்ற மாமன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது என்பதால் இப்போதும் அதைக் கேட்க முடியும். இந்த விருப்பம் நியாயமானது, கேலிக்குரியதே இல்லை. ஆனால் இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வியை அது முதலில் கேட்கிறது. யார் நிற்பது என்பதற்கு முன்னால், ஜெயித்தவர் யார் முன்னால் வந்து நின்று பதில் சொல்லப்போகிறார் என்பது தீர்மானமாக வேண்டும். கொட்டிவாக்கத்தின் கடந்த பதினைந்து ஆண்டுகள் அதைத்தான் காட்டுகின்றன.

2011 அக்டோபர் வரை கொட்டிவாக்கம் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு கிராம ஊராட்சி. ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். தமிழ்நாட்டுச் சட்டப்படி ஒரு கிராம ஊராட்சிக்கு மக்கள்தொகையைப் பொறுத்து 15 வரை வார்டு உறுப்பினர்கள் இருப்பார்கள். அந்தத் தேர்தலில் கட்சிச் சின்னங்களுக்கு இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகக் கிராம சபை இருந்தது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் அதில் உறுப்பினர். எழுந்து நின்று வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். பிறகு 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சி அமைப்புகள் சென்னையோடு இணைக்கப்பட்டன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆக விரிந்தது. கொட்டிவாக்கம் பெருங்குடி மண்டலத்துக்குள் போயிற்று. நேற்றுவரை தலைவரும் உறுப்பினர்களும் சபையும் இருந்த ஊருக்கு, 200 பேர் கொண்ட மன்றத்தில் கட்சிச் சின்னத்தில் நிற்கும் ஒரு கவுன்சிலர் கிடைத்தார். சாலையும் குப்பை வண்டியும் மேம்பட்டிருக்கலாம், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இணைப்பில் ஊர் எதை இழந்தது என்று அன்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

அந்த ஒருவரும் நிலைக்கவில்லை. 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. பழங்குடியினர் இட ஒதுக்கீட்டில் விதிகள் பின்பற்றப்படவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டுக்கான தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆணையரே தனி அலுவலராக இருந்து மன்றத்தின் அதிகாரத்தையும் கையாண்டார். 2019 கோடையின் தண்ணீர்ப் பஞ்சம், பெருந்தொற்றின் இரண்டு அலைகள், 2021 நவம்பர் மழை எல்லாம் அந்த இடைவெளியில்தான் வந்துபோயின. சென்னைக்கு இது புதிதும் இல்லை. 1973இல் கலைக்கப்பட்ட மன்றத்துக்கு 1996 வரை தேர்தலே நடக்கவில்லை. 1973 முதல் 2022 வரையிலான 49 ஆண்டுகளில் சுமார் 28 ஆண்டுகள் இந்த மாநகரம் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாமலேயே ஆளப்பட்டிருக்கிறது. 1688இல் தொடங்கிய, இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இதைத்தான்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாததன் விலை என்ன என்பதற்குக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பகுதியிலேயே சான்று உண்டு. கோவளம் வடிநிலப் பகுதியில் ஜெர்மன் வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு மழைநீர் வடிகால் கட்ட மாநகராட்சி திட்டமிட்டது. கடற்கரையோரக் குடியிருப்புகள் எதிர்த்தன. எங்கள் மண் மணல். மழை பெய்தால் தானே உள்ளே இறங்கிவிடும், கிணறும் ஆழ்துளைக் குழாயும் அந்த நீரில்தான் பிழைக்கின்றன. வடிகால் போட்டால் மழைநீர் கடலுக்குப் போகும், அதோடு கழிவுநீரும் சேரும் என்பது அவர்கள் வாதம். பொறியியல் ரீதியில் யார் சரி என்பது வேறு விவாதம். ஆனால் மணலில் நீர் இறங்கும் என்பது அங்கே வீடு கட்டிய எவருக்கும் தெரிந்த செய்தி. அதைச் சொல்வதற்கு மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை போக வேண்டியிருந்தது. தீர்ப்பாயம் தலையிட்ட பிறகே திட்டத்தின் அந்தப் பகுதி மறுபரிசீலனைக்கு வந்தது. திட்ட வரைபடம் மேசையில் இருந்தபோதே ஒரு கவுன்சிலர் தன் வார்டு மக்களைக் கூட்டிக் கேட்டிருந்தால் முடிந்திருக்க வேண்டிய காரியம் அது. கூட்டுவதற்குக் கவுன்சிலரும் இல்லை, கூடுவதற்குச் சபையும் இல்லை.

ஆகவே ‘நம்ம ஆள் ஒருவர் நிற்கட்டும்’ என்ற எண்ணம் வெறும் கட்சி வெறுப்பிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. அதன் கணக்கும் அவ்வளவு கைக்கெட்டாதது இல்லை. 2022 தேர்தலின்போது மாநகராட்சியின் வாக்காளர்கள் 61 லட்சத்துக்கு மேல். வார்டுக்குச் சராசரியாக முப்பதாயிரம். 2022இல் சென்னையில் பதிவான வாக்கு 43.59 சதவீதம், மாநிலத்திலேயே மிகக் குறைவு. அப்படியானால் ஒரு சராசரி வார்டில் ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 13,000 பேர். நான்கு முனைப் போட்டியில் ஐந்தாயிரம் வாக்கு வாங்குபவர் கவுன்சிலராகிவிடலாம். அப்போது டெபாசிட் 4,000 ரூபாய். செலவு உச்சவரம்பு 90,000 ரூபாய். அதை யார் மதிக்கிறார்கள் என்பது தேர்தல் ஆணையத்துக்கே வெளிச்சம். அந்தத் தேர்தலில் 200 வார்டுகளில் ஐந்தில் சுயேச்சைகள் வென்றார்கள். வாக்களிக்கச் செல்லாத பாதிக்கு மேற்பட்டோரில் ஒரு பகுதி எழுந்து வந்தால் கணக்கு மாறும். போதாக்குறைக்கு, கவுன்சிலர் தன் வார்டிலேயே குடியிருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதுமில்லை, மாநகராட்சியின் வாக்காளர் பட்டியலில் எங்காவது பெயர் இருந்தால் போதும். இட ஒதுக்கீடு மாறும்போது பக்கத்து வார்டுக்குப் பெயர்ந்துபோகும் கட்சிக்காரர்களைப் பார்த்துச் சலித்தவர்கள், உள்ளூர்க்காரர் வேண்டும் என்று கேட்பதில் பிழையில்லை.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கொட்டிவாக்கத்தில் உள்ளூர்க்காரர் யார்? ஒரு பக்கம் கடற்கரையை ஒட்டிய குப்பம். படகும் வலையும் அங்கே தலைமுறைச் சொத்து. நடுவில் பழைய ஊர், அதன் கோயில்கள், ஒண்டுக்குடித்தன வீடுகள். கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் தனி வீடுகளும் அடுக்குமாடிகளும். கால்வாய்க்கு அப்பால் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பும், மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கிற வாடகைக்காரர்களும். நலச்சங்கம் என்பது பெரும்பாலும் வீட்டு உரிமையாளர்களின் அமைப்பு. வாடகைக்கு இருப்பவருக்கு அதில் குரல் குறைவு, வீட்டுவேலைக்கு வருகிறவருக்கு இல்லவே இல்லை, குப்பத்துக்கு அது வேறு உலகம். சங்கம் தேர்ந்தெடுக்கும் வேட்பாளர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அவருடைய முதல் பட்டியலில் தெருவோரக் கடைகளை அகற்றுவதும் வாகன நிறுத்தமும் நாய்த் தொல்லையும் இருக்கும். மீன் விற்கும் இடமும் வலை உலர்த்தும் மணலும் பொதுக் கழிப்பறையும் இருக்குமா? கட்சிக் கவுன்சிலர் மீது ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் நள்ளிரவில் காவல் நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டி வந்தால் ஏழைகள் கதவைத் தட்டுவது அவர் வீட்டைத்தான். அந்தக் கதவு ஏன் திறக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாத நலச்சங்க வேட்பாளருக்கு அடுக்குமாடி ஓட்டு மட்டும்தான் விழும். அடுக்குமாடியோ வாக்குச்சாவடிக்கு வருவதில்லை.

குப்பத்துக்கும் நலச்சங்கத்துக்கும் பொது நலனே கிடையாது என்று சொல்லிவிடவும் முடியாது. 2006 முதல் 2011 வரையிலான திமுக ஆட்சியின் பிற்பகுதியில், மெரினா கலங்கரை விளக்கத்திலிருந்து கடற்கரையோரமாகவே கொட்டிவாக்கம் வரை உயர்மட்ட விரைவுச் சாலை அமைக்கும் திட்டம் வந்தது. மீனவக் குப்பங்களும் கடற்கரையோரக் குடியிருப்புவாசிகளும் சேர்ந்து எதிர்த்தார்கள், சாலை வரவில்லை. ஆமைகள் முட்டையிடும் அந்த மணல் இன்னும் மணலாக இருப்பதில் அந்தக் கூட்டுக்கும் பங்கு உண்டு. ஆபத்து வந்தபோது சேர்ந்தவர்களுக்கு, ஆபத்து இல்லாத நாளில் உட்கார்ந்து பேச ஓர் இடம் இல்லை. இது ஒரு வேட்பாளரால் தீரும் குறையாகத் தோன்றவில்லை.

ஆளுங்கட்சிக் கவுன்சிலர் இருந்தால்தான் வார்டுக்குப் பணம் வரும், சுயேச்சையைத் தேர்ந்தெடுத்தால் ஐந்து வருடம் வனவாசம் என்பது தேர்தல் நேரத்தில் வீடு வீடாகச் சொல்லப்படும் வாதம். இதில் உண்மை இருக்கிறது. மண்டல அலுவலகத்தில் எந்தக் கோப்பு முதலில் நகரும் என்பதைக் கொடியின் நிறம் தீர்மானிப்பதை எவரும் அறிவர். ஆனால் 2011இல் அதிமுக 168 வார்டுகளை வென்றது. மேயரும் அவர்களே, மாநில அரசும் அவர்களுடையதே. அந்த ஐந்தாண்டு முடிந்தபோதும் புதிதாக இணைந்த பகுதிகளில் பல இடங்களுக்குப் பாதாளச் சாக்கடை போய்ச் சேரவில்லை. 2022இல் திமுக தனியாகவே 153 இடங்களைப் பிடித்தது. வாக்கு எண்ணி ஆறு வாரம் ஆவதற்குள் சொத்துவரி உயர்வை அரசு அறிவித்தது: பழைய நகரப் பகுதிக்கு 50 முதல் 150 சதவீதம், கொட்டிவாக்கம் போன்ற இணைந்த பகுதிகளுக்கு 25 முதல் 100 சதவீதம். பல ஆண்டுகளாக உயராத வரியை உயர்த்தியது தேவையாகவே இருக்கலாம், நிதிக்குழுவின் நிபந்தனையும் இருந்தது. ஆனால் தேர்தலில் வாக்குக் கேட்டபோது எந்தக் கவுன்சிலரும் அதைச் சொல்லவில்லை, மன்றத்தில் கையுயர்த்துவதற்கு முன் வார்டைக் கேட்கவுமில்லை. பெரும்பான்மை பலம் வார்டின் குரலாக மாறிவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

சரி, இருநூறு பேரில் ஒற்றை ஆள் என்ன சாதிப்பார்? மும்பையின் ஜூஹு பகுதியில் 2007இல் குடிமக்கள் கூடி நிறுத்திய அடால்ஃப் டிசோசா, 227 பேர் கொண்ட அந்த மாநகராட்சிக்கு வென்று போனார். வார்டு நிதியை மக்களைக் கேட்டே செலவிடுவேன் என்பது அவருடைய வாக்குறுதி. ஒரு வார்டு வேறு விதமாக நடக்க முடியும் என்று அது காட்டியது. மும்பையை அது மாற்றிவிடவில்லை. கேரளத்தின் கிழக்கம்பலம் மறுகோடி. 2015இல் டுவென்டி20 என்ற கட்சி சாராத அமைப்பு அந்த ஊராட்சியின் 19 வார்டுகளில் 17ஐ வென்றது. அமைப்புக்குப் பின்னால் இருந்தது அதே ஊரின் பெரிய ஆடை நிறுவனமான கிடெக்ஸ். மலிவு விலைக் கடையும் நல்ல சாலையும் வந்தன, ஆனால் நிறுவனத்தைக் கேள்வி கேட்க வேண்டிய ஊராட்சியே நிறுவனத்தின் நிழலில் இயங்கியது. கட்சி சாராதவர் என்பதாலேயே ஒருவர் யாரையும் சாராதவராகிவிடுவதில்லை. கட்டுமானத் தொழில் கொழிக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

நகரங்களுக்கும் சபை வேண்டும் என்ற எண்ணம் காகிதத்தில் நிறைவேறிவிட்டது. 2022 ஜூனில் தமிழ்நாடு அரசு வார்டு குழு, பகுதி சபை விதிகளை வெளியிட்டது. சென்னையில் ஒரு வார்டுக்குப் பத்துப் பகுதி சபைகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பிரதிநிதி, கவுன்சிலர் தலைமையிலான வார்டு குழுவுக்குப் போவார். ஆனால் அந்தப் பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். ஊராட்சியாக இருந்தபோது தேர்ந்தெடுக்கப்பட்ட வார்டு உறுப்பினர்களைக் கொண்டிருந்த ஊருக்கு இப்போது நியமன உறுப்பினர்கள். கிராம சபை மட்டும் என்ன வாழ்ந்தது, கையெழுத்து வாங்கிக்கொண்டு கலைந்த கூட்டங்கள் எத்தனை, தலைவர் பதவியையே ஏலம் விட்ட ஊர்கள் இல்லையா என்று கேட்பவர்களுக்கு மறுப்பில்லை. ஆனாலும் கிராம சபையில் ஒருவர் எழுந்து கேட்ட கேள்வி தீர்மானப் புத்தகத்தில் ஏறும் உரிமை உடையது. நடக்காத சபையை நடத்து என்று கேட்கலாம். அப்படி ஒரு சபையே இல்லாத ஆண்டுகளில் யாரிடம் என்ன கேட்பது?

கவுன்சிலருக்கு 2023 ஜூலை முதல் மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம். குடிநீர் தனி வாரியத்திடம், கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுஞ்சாலைத் துறையிடம், பெரிய கட்டடங்களுக்கான அனுமதி பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம். சட்டம் அவருக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம் சிறியது. ஆனால் பகுதி சபையைக் கூட்டும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. எனவே அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவர் கட்சிக்காரரானாலும் நலச்சங்கத்தின் ஆளானாலும் கொட்டிவாக்கத்து வாக்காளர்கள் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வார்டு குழுவின் பத்துப் பேரையும் அந்தந்தப் பகுதி மக்கள் கைதூக்கித் தேர்ந்தெடுத்த பெயர்களிலிருந்தே பரிந்துரைப்பேன். அதில் குப்பத்தின் பெயரும் வாடகைக்காரரின் பெயரும் கட்டாயம் இருக்கும். வார்டு நிதியின் கணக்கை ஒவ்வொரு சபையிலும் வாசிப்பேன். கையெழுத்துப் போட மறுப்பவர் பக்கத்து வீட்டுக்காரராகவே இருந்தாலும் அவருக்கு ஓட்டுப் போடாதீர்கள்.