வட்டமடிச்சது பயத்தாலயா?

2024 ஆயுத பூஜை சாயங்காலம் (அக்டோபர் 11) ஞாபகம் இருக்கா? திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே சுற்றியது. உள்ளே 141 பயணிகள். டிவியில் "சக்கரம் இறங்குமா?" என்று ஒரே கத்தல். மாமா சார்ஜாவில் வேலை பார்ப்பதால் எங்க அத்தை சாமி படத்தை விட்டு நகரவே இல்லை.

அந்தக் கத்தல் தப்பு என்பேன். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரியைப் பாருங்க. எண்ணெய் அழுத்தம்தான் தொட்டியைத் தூக்குது. ஹோஸ் வெடிச்சா தொட்டி எழும்பாது. விமானச் சக்கரத்தை மடக்குவதும் இறக்குவதும் அதே அழுத்தம்தான். ஆனா தூக்கத்தான் பலம் வேணும், விழ வேண்டாமே! போயிங் 737-ல் விமானி அறைத் தரையில் ஒரு மூடி, அதற்குள் மூன்று கைப்பிடிகள். இழுத்தா கொக்கி விடுபட்டு, சக்கரம் தன் எடையிலேயே இறங்கிப் பூட்டிக்கும். கொக்கியே சிக்கினாத்தான் கஷ்டம்.

அப்புறம் ஏன் சுத்தணும்? டேங்க் நிறைய எரிபொருளோட இறங்கினா சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் பாரம் அதிகம். 737-ல் அதை வானத்தில் கொட்ட வழி கிடையாது, எரிச்சுத்தான் தீர்க்கணும். இரண்டு மணி நேரத்தில் இதைச் சொல்ல ஒரு நிமிஷம் கிடைக்கலையா?

இரவு 8.15 வாக்கில் விமானம் சாதாரணமாகவே தரையிறங்கியது. அத்தை அப்பத்தான் பொரிகடலையைத் தொட்டாங்க.