கட்டுமரத்துக்குக் கைதட்டுவோர் கவனத்திற்கு

சென்ற வாரம் ஒரு கருத்தரங்கில் மீண்டும் அதே காட்சி. திரையில் இரட்டை உடல் கொண்ட வெண்ணிறப் பந்தயப் படகு. அதன் கீழே ‘கேட்டமரான் தமிழ்ச் சொல்லே’ என்னும் வரி. அரங்கம் நிறைந்த கைதட்டல். மொழியியல் பயின்றவர்களும் சேர்ந்து தட்டினார்கள் என்பதே என் வருத்தம்.

சொல் தமிழ்தான், அதில் ஐயமில்லை. 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூலிலேயே சோழமண்டலக் கரையின் கட்டுமரம் அப்பெயரோடு இடம்பெறுகிறது. ஆனால் திரையில் இருந்த படகு நம்முடையதன்று. கட்டுமரம் என்பது மரங்களை நெருக்கிக் கயிற்றால் பிணைத்த மிதவை. கரையேறியதும் கட்டவிழ்த்து உலர்த்தப்படுவது. இரண்டு உடல்களை இடைவெளிவிட்டுக் குறுக்குச் சட்டங்களால் இணைப்பது பசிபிக் தீவு மக்களின் கலை. 1876இல் நதானியேல் ஹெரஷாஃப் ‘அமரில்லிஸ்’ என்னும் இரட்டை உடல் படகை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டி மற்றவற்றைப் பின்தள்ளினார். அதன்பின் அவ்வகைப் படகுகளே அங்கே போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. 1976இல் ஒலிம்பிக்கில் நுழைந்த டொர்னாடோவும் இன்றைய நாக்ரா 17உம் அவ்வழி வந்தவையே. பெயர் இங்கிருந்து சென்றது, பொருள் வேறிடத்தது. இதை மாணவர்களுக்குப் பொருள் மாற்றம் என்று கற்பிக்கிறோம். மேடை ஏறியதும் மறந்துவிடுகிறோம்.

கொடுத்த சொல்லை எண்ணும் நாம் வாங்கிய சொற்களை எண்ணுவதுமில்லை. சுக்கான் அரபியிலிருந்து வந்தது. நங்கூரம் பாரசீகத்தின் லங்கரோடு உறவுடையது. நான் வசிக்கும் கோவண்டிக்கு அருகே டிராம்பே கோளிவாடா இருக்கிறது. அங்குள்ள மீனவர்களிடம் என் மராத்தி எத்தனையோ இடங்களில் தடுமாறும். சுகாணூ, நாங்கர் என்னும் இரண்டு சொற்களில் மட்டும் தடுமாறியதில்லை. கடலோடிகள் பிறப்பிடச் சான்றிதழ் கேட்டுச் சொற்களைப் படகில் ஏற்றியவர்கள் அல்லர்.

‘இத்தகைய பெருமிதம்தான் மாணவரைத் துறைக்கு இழுக்கிறது’ என்று ஒரு பேராசிரியர் என்னிடம் சொன்னார். இழுக்கட்டும். இழுத்து எங்கே கொண்டு சேர்த்தோம்?

டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகப் பாய் விரித்த நேத்ரா குமணன், விஷ்ணு சரவணன், கணபதி, வருண் தக்கர் ஆகிய நால்வரும் தமிழ்நாட்டோடு தொடர்புடையவர்கள். அச்செய்தியைத் தமிழ் நாளிதழ்கள் எப்படி எழுதின என்று பாருங்கள். பாயும் பாய்மரமும் ஒன்றாகிவிட்டன. கயிறுகளுக்குப் பெயரே இல்லை. பருமல், தாமான், அணியம் என்னும் சொற்கள் நம்மிடம் இல்லாமலா போயின? வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அழைத்த மொழி இது. நீரோட்டத்தை நீவாடு என்பார்கள் மீனவர்கள். இவற்றுள் பலவற்றை நான் முதன்முதலில் வாசித்தது ஜோ டி குரூஸின் நாவல்களிலும், விலங்கியல் பேராசிரியரான வறீதையா கான்ஸ்தந்தினின் எழுத்திலும்தான். என் துறையின் பாடத்திட்டத்தில் அன்று. இதை எழுதக் கூச்சமாகவே இருக்கிறது.

பாக் நீரிணைக் கரையில் தொண்டி, நம்புதாளைப் பகுதிகளில் இன்றும் பாய்மரப் படகுப் பந்தயங்கள் நடக்கின்றன. அக்கரையின் வத்தைப் படகில், காற்று வரும் பக்கமாக நீளும் பலகையின்மேல் ஆட்கள் ஏறிச் சாயும் படகை நிமிர்த்துவார்கள். கணபதியும் வருணும் தம் பந்தயப் படகில் கம்பியில் தொங்கி உடலை வெளியே சாய்த்துச் செய்ததும் அதே வேலைதான். அந்தப் பலகைக்கு, அதன்மேல் ஏறும் கட்டளைக்கு, காற்று திடீரென மாறும் கணத்துக்கு அவர்கள் என்ன சொல் வைத்திருக்கிறார்கள்? இயந்திரம் வந்தபின் பாய் சுருட்டப்பட்டுவிட்டது. கேட்டுப் பதிய வேண்டியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. 1920இலேயே மீன்வளத் துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்னல் நம் படகுகளின் வடிவத்தைப் பற்றி நூல் எழுதிவிட்டார். நூறாண்டு கழித்தும் நாம் ஒரே ஒரு சொல்லைத் திரையில் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

கோடை விடுமுறையில் தொண்டிக்குச் செல்கிறேன். ஒலிப்பதிவுக் கருவி என்னிடம் உண்டு. மும்பையிலிருந்தோ மதுரையிலிருந்தோ உடன்வர விரும்பும் ஆய்வு மாணவர்கள் எழுதுங்கள். பயணச் செலவைப் பகிர்ந்துகொள்வோம். கருத்தரங்கில் கைதட்டியவர்களும் வரலாம்.